அவசரத்தில் வெந்த பல்

பல்லால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று ஆறு நாள் நம்பியிருந்தேன். கடித்துக் கொல்வதல்ல, அதற்கான தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் செய்து கொடுத்த பொய்ப்பல், போட்டுக்கொண்ட பெரியவரை உள்ளிருந்தே விஷம் ஏற்றி முடித்துவிட்டது என்று நம்பினேன். அந்த ஆறு நாளும் எண்பத்து மூன்று ஜூலையின் கடைசி நாட்கள். இலங்கையில் தமிழன் என்று தெரிந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லாத வாரம். நாடு முழுக்க என் ஆட்கள் கொலைகாரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் கொலைகாரன் நானே என்று பயந்து ஒளிந்திருந்தேன்.

என் பிரியாவிடைக் கூட்டத்தில் கேக் வெட்டியபோது, ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போது பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் காட்டினால் கணினித் திரையில் பல்வரிசை வந்து நிற்கிறது, இயந்திரம் அதை அச்சடித்தும் தருகிறது. உங்கள் காலத்தில் பிழை நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ஒளிந்துகொள்வோம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பல் கட்டும் தொழிலில் நான் பெற்ற இரண்டு வருடப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் மெழுகு உருக்கி என் கையைச் சுட்டுக்கொண்டேன், இரண்டாம் வருடம் பக்கத்தில் இருந்தவன் கையைச் சுட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து அரசாங்கச் சம்பளம் வாங்கப்போன முதல் ஆள் என்பதால், கண்டி நகரத்துப் பல் சிகிச்சை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று சப்பாத்தைக்கூட மூன்று முறை துடைத்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் இராஜேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். நான் செய்து முடித்த பல்லைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உள்பக்கத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவிவிட்டு, எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பார். "கணேசன், இதை உம்மட வாயில வைப்பீரோ?" பதில் சொல்லத் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

வயதானவர்கள் வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டார். கடைசியாக எதைக் கடித்துச் சாப்பிட்டீர்கள், அது எப்போது என்று கேட்பார். சொல்வதை அப்படியே அட்டையில் எழுதுவார். எங்கள் அலுமாரியில் இருந்த அட்டைகளைப் பார்த்தால் மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்காது, பசித்தவன் எழுதிய கடிதம் மாதிரி இருக்கும். கச்சான் கடலை, நாலு வருடம். கரும்பு, மகள் கலியாணத்துக்கு முன். மாட்டிறைச்சி, ஞாபகமில்லை. புதுப்பல் மாட்டிய அன்று யாரும் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அவர் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னும், வெட்டிய வெள்ளரிக்காயும், தேங்காய்ச் சொட்டும் இருக்கும். சாப்பிட்டுக் காட்ட வேண்டும். வெட்கப்படுகிறவர்களுக்காகத் தானும் ஒரு துண்டை எடுத்து நொறுக்கென்று கடிப்பார். "பல்லுக் கட்டுறது படம் பிடிக்கிறதுக்கில்லை, தின்னுறதுக்கு" என்பார். கிழவர்கள் கிழவிகள் கண்ணில் தண்ணீர் வர வெள்ளரிக்காய் மென்றதை அந்த அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில்தான் அந்தோணிமுத்து ஐயா வந்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர். கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள், வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு நாள் தூளையும் ஊற்றி ருசி பார்த்து, சரி பிழை சொல்கிறவரும் அவர்தான். ஓய்வு வயது தாண்டியும் நாக்கின் பெருமையால் வேலை நீட்டிப்பில் இருந்தார். டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் கடிக்கிறதுக்கு வரலீங்க டொக்டர். உறிஞ்சுறதுக்கு வந்தேன்."

தேயிலை ருசி பார்க்கிறவர் தேநீரைக் குடிப்பதில்லை. கரண்டியில் அள்ளி, காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக உறிஞ்சுவார். தேநீர் தூறலாகத் தெறித்து நாக்கு, அண்ணம், மூக்கின் பின்பக்கம் எல்லாம் படும். ருசி தெரிந்ததும் துப்பிவிடுவார். அந்தோணிமுத்து ஐயாவுக்கு மேல்வரிசையில் முன்பல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல்தான் மிச்சம். உதடு உள்ளே விழுந்துவிட்டது. உறிஞ்சினால் காற்று கண்ட இடத்தில் போகிறது. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை, ஸ்டோரில் நின்று அவர் உறிஞ்சுவதைக் கேட்டுவிட்டு, மாதம் முடிந்ததும் பெயர் மறைத்த ஆறு கோப்பைகள் வைப்பேன் என்று சொல்லியிருந்தார். தங்கள் தோட்டத்துத் தேயிலையை அதில் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். மனைவி படுக்கையில். வேறு வீடு கிடையாது.

டொக்டர் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்து உறிஞ்சிக் காட்டச் சொன்னார். ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொருமுறை. பத்துமுறைக்கு மேல் இருக்கும். உதட்டையும் நாக்கையும் தொண்டையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மேல்வரிசைப் பல் முழுவதாகக் கட்டினால் அண்ணத்தை மூடிவிடும், இவருக்கு அண்ணம் திறந்தே இருக்க வேண்டும் என்றார். மிச்சமிருந்த இரண்டு பல்லையும் பிடுங்குவதில்லை. அவற்றைக் கம்பி வளையத்தால் பிடித்து, குதிரை லாடம் மாதிரி நடுவில் திறந்த ஒரு செட். உடையாமல் இருக்க உள்ளே ஒரு கம்பி ஓட வேண்டும். அப்படி ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. செய்யலாம் டொக்டர் என்றேன்.

மெழுகில் மூன்று முறை செய்து மூன்று முறையும் அவர் வாயில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது முறை உறிஞ்சியபோது அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம். மிச்சமிருந்தது மெழுகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உண்மையான பொருளை வார்ப்பதுதான். இளஞ்சிவப்புத் தூளையும், மூக்கைத் துளைக்கும் ஒரு திரவத்தையும் குழைத்தால் ரொட்டி மாப்போல வரும். அதைப் பித்தளை அச்சுக்குள் அடைத்து இறுக்கி, வெந்நீரில் வேக வைக்க வேண்டும். எட்டு மணிநேரம், கொதிக்காத சூட்டில். வெந்த பிறகு ஒரு நாள் தண்ணீரில் ஊற வேண்டும். மிச்சமிருக்கும் திரவம் அப்போதுதான் வெளியே போகும். "கொதிக்க விடக் கூடாது. விளங்கினதே?" என்று டொக்டர் சொல்லியிருந்தார். விளங்கியது.

கலவரம் கண்டிக்கு வந்த அன்று காலை மாவை அச்சில் அடைத்து அடுப்பில் வைத்தேன். கடைசியாக ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பார்க்க அந்தோணிமுத்து ஐயாவும் வந்திருந்தார். பத்து மணியளவில் நகரத்தில் கடைகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. ஜன்னலால் புகை தெரிந்தது. பிற்பகல் ஊரடங்குச் சட்டம் என்றார்கள். டொக்டரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள், தாடை உடைந்தவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்தோணிமுத்து ஐயா என்னைப் பார்த்து, "பரவாயில்ல தம்பி, இன்னொரு நாளைக்கி வாரேன், நீங்க மொதல்ல பத்திரமா போயிச் சேருங்க" என்றார்.

அந்த இடத்தில் புத்திசாலி என்ன செய்வான்? சரி ஐயா என்பான். நான் வீரனானேன். மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை, இன்னொரு நாள் என்று ஒன்று வருமா என்பது யாருக்குத் தெரியும்? அடுப்பைக் கூட்டினேன். தண்ணீர் கொதகொதவென்று கொதித்தது. நாற்பது நிமிடத்தில் அச்சைத் தூக்கிப் பைப்புத் தண்ணீரில் பிடித்து, உடைத்து, அராவி, பாலிஷ் போட்டேன். அவசரத்திலும் பாலிஷ் மட்டும் நன்றாக வந்தது. வெள்ளரிக்காய் இல்லை, பிஸ்கட் இல்லை, ஊறவைக்கவும் இல்லை. அவர் வாயில் மாட்டி, கம்பியை ஒரு நெருக்கு நெருக்கி, ஓடுங்க ஐயா பஸ்ஸுக்கு என்றேன். கடைசி பஸ் அது.

எங்கள் வேன் சாரதி பியசேன சிங்களவர், வீடு குண்டசாலையில். என்னைக் கேட்கவே இல்லை, வேனுக்குள் தள்ளி, பிளாஸ்டர் மூட்டைகளுக்கிடையே படுக்க வைத்து, மேலே இன்னொரு மூட்டையை இழுத்துவிட்டார். அது வழியில் வெடித்தது. அவர் வீட்டு முற்றத்தில் நான் எழுந்து நின்றபோது தலை முதல் கால் வரை வெள்ளை. பியசேனவின் மனைவி என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடியதற்கு இனவாதம் காரணமில்லை.

பின்னறையில் ஆறு நாள். ஜன்னலைத் திறக்கக்கூடாது, தமிழில் தும்மக்கூடக் கூடாது. கலஹாவில் என் அம்மா அப்பா என்ன ஆனார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு வேனும் வாசலில் வேகம் குறையும்போது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அதைப் பற்றிப் பகிடி விட எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

படிக்க ஒன்றும் இல்லை. என் வேலைப் பையில் அந்தத் திரவப் போத்தல் மட்டும் இருந்தது. இரண்டாம் நாள் அதன் லேபிளைப் படித்தேன். பொடி எழுத்து. எரியும், நஞ்சு, விழுங்கினால் ஆபத்து என்று வரிசையாக இருந்தது. ஒரு ஓரத்தில் மண்டையோடு. நான்கு வருடம் கையாண்ட பொருளின் லேபிளை அன்றுதான் முழுதாகப் படிக்கிறேன். கணக்குப் போட்டேன். எட்டு மணிநேரம் மெதுவாக வேக வேண்டியதைப் பாதியிலேயே நாற்பது நிமிடம் கொதிக்கவைத்து எடுத்துவிட்டேன். வேகாத திரவம் பல்லுக்குள் இருக்கிறது. பல் வாய்க்குள். வாய்க்குள் நாளுக்கு நாற்பது கோப்பைத் தேநீர். தேநீர் வயிற்றுக்குள். முடிந்தது கதை.

பியசேனவின் மனைவி கொண்டுவந்த தேநீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஊரை நினைத்து அழுகிறான் என்று அவர் நினைத்து இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டார். நானோ, பெரியவரின் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு என்ன சொல்வது, நீதவான் முன்னால் எந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் என் நாக்கும் மரத்த மாதிரி இருந்தது. போத்தலை முகர்ந்ததாலோ என்று புதுப் பயம். மூடியை இறுக்கி, பியசேனவின் சப்பாத்துக்குள் போத்தலை ஒளித்து வைத்தேன். ஏன் சப்பாத்துக்குள் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் அதற்குள் காலை நுழைத்தபோது என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது.

பகலில் ஊரடங்கைத் தளர்த்திய முதல் நாள் பியசேன என்னை வேனில் டொக்டரிடம் கூட்டிப் போனார். ஆறு நாளாக ஆஸ்பத்திரியை விட்டு நகராத முகம். நான் நின்ற நிலையிலேயே ஒப்புவித்தேன். கொதிக்க விட்டது, ஊறவைக்காதது, நஞ்சு, மண்டையோடு, நாற்பது கோப்பை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கணேசன், அந்த மனுசன் தேத்தண்ணியைக் குடிக்கிறவரே?"

"இல்ல டொக்டர். துப்புறவர்."

"அப்ப?"

ஆறு நாளாக எனக்கு அது தோன்றவில்லை. ஒரு கணம் மிதந்தேன். அடுத்த கணம் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாய் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். அதில ஒருத்தரும் சாகமாட்டினம். அண்டைக்கு எரிஞ்ச ரோட்டால கடைசி பஸ்ஸில போன மனுசன் வீடு போய்ச் சேர்ந்தவரோ எண்டு ஒருக்காலாவது யோசிச்சனீரே?"

யோசிக்கவில்லை. பல்லைப் பற்றி மட்டும் யோசித்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது, பாலிஷ் போட்டும் போகவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதி வேனுக்கு அனுமதி வாங்கினார் டொக்டர். பியசேனவுக்குப் பக்கத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார், பின்னால் நான், பழைய இடத்தில், மூட்டைகளோடு. கலஹாவில் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். அம்மாவும் அப்பாவும் கோயிலில் மற்றவர்களோடு பத்திரமாக இருக்கிறார்கள் என்று பியசேன இறங்கி விசாரித்து வந்து சொன்னார். அதற்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒரு லயம் எரிந்து கருகிக் கிடந்தது.

அந்தோணிமுத்து ஐயாவின் தோட்டத்துக்குள் வேன் திரும்பியபோது ஸ்டோருக்கு முன்னால் கூட்டம். கூடையைக் கழற்றி வைத்த பெண்கள், தலைப்பாகையைக் கையில் எடுத்த ஆண்கள், கங்காணி, கிளாக்கர். அத்தனை பேரும் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார்கள். எந்த வழியில் செத்தாரோ, பெரியவர் போய்விட்டார். வேனை விட்டு இறங்கமாட்டேன் என்றேன். இறங்கும் என்றார் டொக்டர். அப்போதுதான் ஸ்டோருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஸ்ஸ்ர்ர்ர்ரப்.

தகரக் கூரை அதிர்ந்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. தலையைக் குனிந்து நின்றது துக்கத்தில் அல்ல, காது கொடுத்துக் கேட்கத்தான். உள்ளே துரையின் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மாதம் முடிந்திருந்தது. ஊர் எரிந்தாலும் துரை சொன்னால் சொன்னதுதான்.

ஜன்னல் பக்கம் இடித்துப் பிடித்துப் போய் நின்றேன். வெள்ளைக் கோப்பை ஆறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துரை. அந்தோணிமுத்து ஐயா கரண்டியைத் துடைத்து, குனிந்து, அடுத்ததை உறிஞ்சினார். துப்பினார். இன்னொன்று. ஆறும் முடிந்ததும் மீண்டும் மூன்றாவதுக்கு வந்து ஒருமுறை. பிறகு நிமிர்ந்து, மூன்றாவது நம்முடையது, மேல்மலைக் கொழுந்து என்றார். ஐந்தாவதும் நம்முடையதுதான், ஆனால் டிரையரில் சூடு கூடிப்போய்விட்டது, அனுப்ப வேண்டாம் என்றார். துரை கோப்பைகளின் அடியில் இருந்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஐந்தாவதை வேண்டுமென்றே கூடுதல் சூட்டில் காயவைக்கச் சொன்னது தான்தான் என்று ஒத்துக்கொண்டார். பெரியவரைச் சோதித்துப் பார்க்கத்தான். கை கொடுத்துவிட்டு வெளியே போனார். பெண்கள் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டே சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தோணிமுத்து ஐயா மூன்று வருடம் அந்த வேலையில் இருந்தார்.

என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க பல்லு வெளிய வெந்திருந்திச்சு, உள்ள வேகல. வாயில வச்சதுமே கண்டுக்கிட்டேன். நம்ம டிரையர்ல சூட்டக் கூட்டி அவசரமா எடுத்தா எலையும் இப்புடித்தான். மேல மொறுமொறுன்னு இருக்கும், உள்ள ஈரம்."

ஆய்வுகூடத்தில் படித்தவன் நான். கண்டுபிடித்தவர் அவர், அதுவும் நாக்கால். எனாமல் கோப்பையில் பல்லைப் போட்டு, கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி, இரண்டு மணிநேரத்துக்கொருமுறை தண்ணீரை மாற்றினாராம். ஒவ்வொருமுறையும் அந்தத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்துத் துப்பினாராம். நாலாம் நாள் காலை தண்ணீர் வெறும் தண்ணீராக ருசித்தது. எடுத்து மாட்டிக்கொண்டார். டொக்டர் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வாசகர்கள் தாங்களே எழுதிக்கொள்ளலாம். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். வெள்ளரிக்காய். அந்த வாரத்தில் அதை எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது. இருவரும் ஆளுக்கொரு துண்டு கடித்தார்கள். டொக்டர் அட்டையில் எழுதினார்: வெள்ளரிக்காய், இன்று.

புறப்படும்போது வேன் கதவருகே நின்று, ஆறு நாள் தாமதமாக, அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தீர்கள் ஐயா என்று கேட்டேன். பெரிய விஷயமில்லை என்கிற மாதிரிக் கையை ஆட்டிவிட்டுச் சொன்னார்.

பேராதனை தாண்டியதும் பஸ்ஸை மறித்து ஏழெட்டுப் பேர் தடியோடு ஏறினார்கள். பேச்சில் தமிழரைப் பிடிக்க, ஒவ்வொருவரையும் வாயைத் திறந்து சிங்களத்தில் பேசச் சொன்னார்கள். நான் மாட்டிவிட்ட பல் எரித்த எரிச்சலில் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீரும் எச்சிலும் ஒழுக உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிய கிழவர், பேச ஏலாது, விடுங்கள் என்று பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா சொன்னார். அவர்கள் இறங்கிப் போனார்கள். பஸ் புறப்பட்டது.